துண்டு இருந்தால்தான் ஃபைல்

மரக்காணத்தில் கிளம்பிய பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“சிவப்புத் துண்டு கையில இல்லாம எங்க ஆபீஸ்ல யாரும் அந்த ஃபைலைத் திறக்கக் கூடாதுக்கா.”

“ஏன்டி?”

“உப்பளத் தொழிலாளிங்களோட மழைக்கால நிவாரண லிஸ்ட், சர்வர்ல இருக்குது. ஒருத்தர் திறந்திருந்தா இன்னொருத்தர் திறக்க முடியாம என் கம்ப்யூட்டர் போடுற பூட்டு, சார் கம்ப்யூட்டருக்குத் தெரியல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திறந்துட்டோம். அவர் சேவ் பண்ணதும் நான் ஏத்தின பேரெல்லாம் போயிடுச்சு. அதான், பாத்திக்குத் தண்ணி விடுறவங்க, மத்தவங்க மடையைத் தொடக்கூடாதுன்னு அதுல துணி கட்டுற மாதிரி இந்த ஏற்பாடு.”

பஸ் அனுமந்தை ஸ்டாப்புக்கு வரும்போது அவள் போன் அடித்தது.

“ஆமா சார், துண்டு என் பையிலதான் இருக்குது. ஃபைலையும் மூடாம வந்துட்டேன். நீங்க திறக்காதீங்க, வர்றேன்.”

எழுந்துவிட்டாள்.

“ஒரு துண்டுக்காகத் திரும்பிப் போறியா?”

“இன்னைக்குத் துண்டு இல்லாம திறக்க விட்டா, நாளைக்கு அது வெறும் துண்டுதான்க்கா.”