பச்சை பனியனும் வெள்ளைப் பொடியும்

வாரத்தில் வாய்க்கும் ஒரே ஓய்வான ஞாயிற்றுக்கிழமையை நம் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு ஈந்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பண்பாளர் ஐயா தண்டாயுதபாணி அவர்களே. வயதிலும் வாய்மையிலும் மூத்த பெரியோர்களே. ஆறு நாளும் ஊசியோடும் நூலோடும் மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் பாயோடு வந்து முன்வரிசை பிடித்திருக்கும் என் தாய்மார்களே. டீக்கடைப் பெஞ்சிலிருந்தே முழுப் பேச்சையும் கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் என் தோழர்களே. இந்த மண்ணிலே பிறந்தவர்களே, தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்து இந்த மண்ணைத் தம் மண்ணாக்கிக் கொண்டவர்களே, உங்கள் அனைவருக்கும் தையல் மெஷின் மெக்கானிக் பூபாலனின் மாலை வணக்கம்.

"போர்க்கால ராணுவ ரகசியங்கள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸில் அதற்குப் பக்கத்தில் மூன்று கேள்விக்குறி வேறு. கேள்விக்குறியைப் பார்த்ததுமே கூட்டம் கூடிவிட்டது. போன வருடம் "குறளும் குடும்பமும்" என்று பேசினேன். நாற்காலிகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ரகசியம் என்றால் நமக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறதே, அது ஏன் என்று கேட்கத்தான் இன்றைக்கு ஏறி நிற்கிறேன்.

போர் முடிகிறது, கதை முடிவதில்லை. பீரங்கி ஓய்கிறது, புரளி ஓய்வதில்லை. செத்துப்போன தளபதி சாகவில்லையாம், பனிமலைக் குகையில் தாடியோடு இருக்கிறாராம். மூழ்கிய கப்பல் மூழ்கவில்லையாம், வேறு பெயரில் ஓடுகிறதாம். காணாமல் போன பட்டாளம் பூமிக்கு அடியில் இன்னும் அணிவகுத்து நிற்கிறதாம். யார் பார்த்தது? பார்த்தவரை யார் பார்த்தது? பார்த்தவரைப் பார்த்ததாகச் சொன்னவரையாவது நம்மில் ஒருவர் பார்த்ததுண்டா?

மூலனூர்ப் பக்கம் ஒரு கிணறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஒரு விமானத்தையே அதற்குள் இறக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டதாம். நான் விடுவேனா? பஸ்ஸைப் பிடித்து நேரே போனேன். கிணற்றுக்காரர் கருப்புசாமி அண்ணன் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்கண்ணா, உங்க கெணத்துக்குள்ள ஏரோப்ளேன் இருக்குதாமுங்களே, நெசந்தானுங்களா?" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கெணத்துல தண்ணி வத்திப் போச்சுங்க. ஏரோப்ளேனாச்சும் இருந்துட்டுப் போகட்டும், விடுங்க" என்றார்.

கை தட்டுகிறீர்கள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. வறண்ட கிணற்றுக்கு யார் வருவார்கள்? விமானம் கிடக்கும் கிணற்றுக்கு வெளியூரிலிருந்தும் ஆள் வரும். ஊர் உலகம் நம்மைத் திரும்பிப் பார்க்காதபோது, நம் காலடியில் ஒரு மர்மம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு ஆறுதல்.

"அப்படியானால் அரசாங்கம் எதையுமே மறைப்பதில்லையா, பூபாலா?" என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். மறைக்கிறது, கண்ணு. மறைக்காமல் இருக்குமா? போர்க்காலத்தில் இன்னும் அதிகமாகவே மறைக்கிறது. நாளைக்கு விடியும் என்று அரசாங்க அறிக்கை வந்தால்கூட, நான் கிழக்கே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் சந்தேகம் எங்கே புறப்பட்டு எங்கே போய் விழுகிறது என்று சொல்லவே வந்தேன்.

இந்த வருடத்துக் கதைக்கு வருகிறேன். எல்லையில் இரண்டு பக்கமும் படை நிற்கிறது. போர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஒரு ஆர்டர் வந்தது. கரும்பச்சை பனியன். கழுத்தில் லேபிள் இல்லை. இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் ஒரு பிளவு. சரக்கை வாங்குகிற பையர் எந்த ஊர் என்று மேனேஜர் வாயே திறக்கவில்லை. திருப்பூரில் எந்த மேனேஜர் திறந்திருக்கிறார்? பையர் பெயர் வெளியே போனால் பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவானே. அது நமக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் காலையிலிருந்து மாலைவரை லேபிள் தைத்தே வாழ்கிறவர்கள் நாம். லேபிள் இல்லாத பனியனைக் கண்டதும் நமக்கு நடுக்கம் வந்துவிட்டது. பெயர் இல்லாத உடுப்பு என்றால் பெயர் இல்லாத படைக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

நான் மெஷின் ரிப்பேருக்குக் கம்பெனி கம்பெனியாகப் போகிறவன். முதல் கம்பெனியில் அது ராணுவ பனியனாக இருந்தது. அடுத்த கம்பெனிக்குப் போவதற்குள் ரகசியப் படையின் பனியனாகிவிட்டது. அதற்கடுத்த கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கும் தேவிப்பிரியா என் காதருகே குனிந்து, "அந்தப் பொளவு எதுக்குன்னு தெரியுமுங்களா? கத்தி வெக்கறதுக்குங்க" என்றது. உனக்கு யாரம்மா சொன்னது என்றால், "எல்லாருந்தானுங்க சொல்றாங்க" என்கிறது. எல்லாரும் என்றால் யார்? அந்த எல்லாரையும்தான் இருபது வருடமாகத் தேடுகிறேன், ஒருநாளும் அகப்படவில்லை.

இந்தக் கதையை நம்மைவிட ஒருபடி அதிகமாக நம்பினவன் ஒருவன். அந்தப் பச்சை பனியன் கம்பெனியில் பனியன் மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிற காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவன் தம்பி முனீஸ் பட்டாளத்தில் இருக்கிறான். லீவில் வந்தவனைத் தந்தி கொடுத்து அவசரமாகத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் எல்லை தாண்டிப் போகிற ஆண்பிள்ளை குலசாமி கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டி உடம்போடு வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். அவசரத்தில் முனீஸ் அதை வாங்காமல் ரயில் ஏறிவிட்டான். பிறகு ஒரே ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. "எங்க இருக்கேன்னு சொல்லக்கூடாதுண்ணே" என்றானாம். அதற்குப்பின் இன்றைக்கு வரை சேதி இல்லை.

அண்ணன்காரன் என்ன செய்தான்? பச்சை பனியன் பட்டாளத்துக்குப் போகிறது என்று நாம்தானே சொன்னோம். ஊரிலிருந்து திருநீற்றை வரவழைத்தான். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மடிப்புக்குள்ளே வைத்து, பெட்டியில் அடுக்கினான். எந்தப் பனியன் தம்பி கைக்குப் போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்ததில் எல்லாம் வைத்தான்.

கம்பெனியில் பிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் கடிதத்தில் விஷப்பொடி வைத்து அனுப்பி ஆட்கள் செத்ததைப் போன வருடம் பேப்பரில் படித்தோம் அல்லவா? படித்தது போதாதா? "ராணுவப் பனியனில் வெள்ளைப் பொடி. தம்பியிடம் போனில் ரகசியம் பேசினவன். உளவாளி." தீர்ந்தது. வேலை போயிற்று. போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் முகர்ந்து பார்த்துச் சிரித்து, அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். நம் தெரு என்ன சொன்னது? "இவ்வளவு சீக்கிரம் உட்டுட்டாங்கன்னா மேலிடத்துல ஆள் இருக்குதுங்க" என்றது. அவன் மனைவி ஒச்சம்மாள் மிச்சமிருந்த பொட்டலங்களைக் கொண்டுவந்து, தெருவே பார்க்கப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நம் தெரு என்ன சொன்னது? "தின்னது வேற பொட்டலமுங்க" என்றது.

பார்த்தீர்களா கதையின் சாமர்த்தியத்தை? ஆதாரம் இருந்தாலும் அது சாட்சி, இல்லாவிட்டாலும் அது சாட்சி. பிடித்து வைத்தால் குற்றவாளி, விட்டுவிட்டால் பெரிய குற்றவாளி. எந்தச் சல்லடையில் சலித்தாலும் மேலேயே நிற்கிற கதைக்குப் பெயர் உண்மை அல்ல, தாய்மார்களே. உண்மை என்பது சில சமயம் தோற்றும் போகும்.

அந்தப் பனியன் எங்கே போயிற்று? கப்பலில் ஏற்றி அனுப்பிய பிறகு மேனேஜர் தாமாகவே சொன்னார். வெளிநாட்டில் ஒரு கடை. லீவு நாளில் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கான பனியன். பிளவு, பனியனுக்குள் இடுப்பில் கட்டிய தூண்டில் பையைக் கையால் துழாவ. லேபிளை அங்கேயே தைத்துக்கொள்வார்களாம். "அது அவங்க சொல்ற கதைங்க" என்று ஒருவர் முணுமுணுக்கிறார். என் காதில் விழுந்தது, ஐயா. இருக்கட்டும். நீங்களே சொல்லுங்கள்: அரசாங்கத்தின்மேல் சந்தேகப்பட்டு எறிந்த கல் டெல்லிவரை போயிற்றா? நம் லைன் வீட்டுக் கூரை ஓட்டைத்தானே உடைத்தது? மந்திரியைக் கேட்டோமா? மேனேஜரை மறித்தோமா? மடித்து அடுக்குகிறவனின் சட்டையைத்தானே பிடித்தோம்?

ஒரே கதையைத்தான் எல்லாரும் நம்பினோம். நாம் நம்பிப் பயந்தோம். பயந்து ஒருவனைத் துரத்தினோம். அவனும் அதையேதான் நம்பினான். நம்பி, முகம் தெரியாத அத்தனை ஜவான்களுக்கும் தன் குலசாமி திருநீற்றைப் பங்கு வைத்தான். நம்மில் யார் தேசத்துக்கு வேண்டியவன்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

காசிமாயனையும் ஒச்சம்மாளையும் நாளைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரர் வேறு யாருமல்ல. இந்த அவையின் தலைவர், ஐயா தண்டாயுதபாணி அவர்கள்தான். சலசலக்க வேண்டாம், உட்காருங்கள். ஐயா நல்லவர். தம் வீட்டில் மற்ற குடித்தனக்காரர்கள் பயப்படுகிறார்களே என்று செய்துவிட்டார். ஐயா, உங்கள் முகத்துக்கு நேரே கேட்கிறேன். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தவிக்கிறவனை எந்தத் தெருவுக்கு அனுப்பப் போகிறீர்கள்? அடுத்த தெருவுக்கு அவன் போகுமுன் இந்தக் கதை போய்ச் சேர்ந்துவிடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஐயா எழுகிறார். மைக் வேண்டாம் என்கிறார். பின்வரிசைக்குக் கேட்காது, அவர் சொன்னபடியே நான் சொல்கிறேன்: "அந்தப் பொடி என்னன்னு எனக்கு இன்னமும் முழுசா நம்பிக்கை வரலீங்க. பொய் சொல்ல மாட்டனுங்க. ஆனா பொட்டப்புள்ள அத்தன பேரு முன்னால வாயில போட்டுத் தின்னுச்சு பாருங்க, அது மனசுல கெடந்து அறுக்குது. அவங்க ஊட்டுலயே இருக்கட்டுமுங்க."

தட்டுங்கள். இந்தக் கைதட்டு எனக்கல்ல. சந்தேகம் தீராமலே ஒரு மனிதர் நியாயம் செய்கிறாரே, அதற்கு.

பொறுங்கள். பெண்கள் பக்கம் ஒச்சம்மாள் எழுந்து நிற்கிறாள். சொல் தாயி. அவள் சொல்வதையும் அப்படியே சொல்கிறேன்: "ஐயா சொன்னதுக்குக் கும்புடுறேன். ஆனா மேடையில சொன்னது மேடையோட போயிரும்ணே. எம் புருசன உளவாளின்னு தண்ணிக் கொழாய்ல வச்சுத்தான் பேசுனாக. இல்லைங்கிறதையும் அங்கனயே வந்து சொல்லச் சொல்லுங்க."

இதற்குமேல் எனக்குப் பேச்சு ஏது? நாளைக் காலை தண்ணீர் விடும் நாள். நான் குடத்தோடு வருகிறேன். தலைவர் ஐயாவும் வருவதாகத் தலையசைக்கிறார். கேட்டவர்களே, பரப்பியவர்களே, பாதி நம்பியவர்களே, நீங்களும் வாருங்கள். இவ்வளவு நேரம் பொறுத்திருந்து கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. காசிமாயன் குடும்பத்துக்கு என் முதல் வணக்கம், உங்கள் எல்லோருக்கும் அதற்கடுத்த வணக்கம்.