பன்னிரண்டாவது கணிப்பு

எனக்கு ரோல்ஸ் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு கடி கடித்தாலே பின்னேரம் முழுக்க நெஞ்செரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் வெள்ளவத்தைக் கடையில் கூடும்போது மற்ற மூவரும் சாப்பிடுவார்கள், நான் பால் விடாத பிளேன்ரீயோடு இருந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிஸ் தாரிகா. உங்கள் விசாரணைக்கு உதவும்.

தமிழிலேயே எழுதலாம் என்றதற்கு நன்றி. என் பெயர் நவரத்தினம், வயது நாற்பத்தாறு, உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் ரியூஷன் கொடுக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் ‘கடற்கோட்டை’யை ஏழு வருடமாகக் கணினியில் விளையாடுகிறேன். துறைமுகம் கட்டி, கப்பல் விட்டு, எதிரியின் கோட்டையை முற்றுகையிடும் விளையாட்டில் ஒரு புவியியல் ஆசிரியன் எப்படித் தோற்றுக்கொண்டே இருக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டோடு சேரும் புதிய பகுதி, அதாவது எக்ஸ்பான்ஷன், வரப்போகிறது என்று நீங்கள் அறிவித்ததும், அதில் என்ன புதிதாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரேயொரு கணிப்பைச் சீட்டில் எழுதி, மடித்து ஒட்டி, ஸவாஹிரிடம் கொடுப்போம். மாளிகாவத்தையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் அவர் அதைப் பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு வைப்பார். எக்ஸ்பான்ஷன் வெளியானதும் டப்பாவைத் திறப்போம். யாருடைய கணிப்புச் சரியோ அவர்தான் அடுத்த எக்ஸ்பான்ஷன் வரைக்கும் சாத்திரியார். எங்கள் ஊர்ப்பக்கம் சோதிடரை அப்படித்தான் சொல்வோம். வாட்ஸ்அப்பிலும் சரி, உங்கள் இணையப் போரத்திலும் சரி, அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும்.

ஐந்து தடவை டப்பா திறந்திருக்கிறோம். ஒருமுறை கொட்டாஞ்சேனை பாமசியில் வேலை செய்யும் ரூபிகா வென்றாள். மற்ற நான்கு முறையும் ஜனா. இருபத்தேழு வயதுப் பிள்ளையை நான் வருடக்கணக்காகச் சாத்திரியார் என்று கூப்பிட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆறாவது எக்ஸ்பான்ஷனுக்கு முன்னால் நீங்கள் ஜனாவைச் சோதனை ஆட்டக்காரனாகத் தெரிவு செய்தீர்கள். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கினீர்கள். பிறகு கோலாலம்பூர் அலுவலகத்தில் வேலையும் தருவதாகச் சொன்னீர்கள். அவன் தான் வேலை செய்த இன்சூரன்ஸ் கந்தோரில் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து எங்களுக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தான்.

“எனக்கு விசயம் தெரியும் நவம் அண்ணை. நான் சீட்டு எழுதினா அது களவு. இந்த முறை நீங்கள் மூண்டு பேரும் எழுதுங்கோ” என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல பிள்ளை, நல்ல சிரிப்பு. எனக்குத்தான் அன்று ரோல்ஸ் தின்னாமலே நெஞ்செரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் முப்பத்தேழு கணிப்புகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். எதைச் சீட்டில் போடுவது என்று நண்பர்களிடம் ஆலோசனை கேட்பதில் தவறில்லை. ஜனாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். யானைப்படை, முத்துக்குளிப்பு வரி, கடற்கொள்ளையரோடு சம்பந்தம் செய்வது, கலங்கரை விளக்கம். பன்னிரண்டாவதாகப் பருவக்காற்று. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக்கரைத் துறைமுகங்கள் மூடிவிடும், கிழக்கே இன்னொரு துறைமுகம் இல்லாதவன் பட்டினி. முப்பத்தேழையும் வாசித்து முடித்தேன்.

“சீட்டில ஒண்டுதானே போடலாம் நவம் அண்ணன்?” என்று ஸவாஹிர் கேட்டார்.

ஒன்றுதான் போட்டேன். பன்னிரண்டாவது.

ஆனால் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கிடக்கும் சீட்டை உலகம் எப்படிப் பார்க்கும்? ஆகவே மறுநாள் அதை உங்கள் போரத்திலும் எழுதினேன். அதற்காகப் புதிய கணக்கு ஒன்று திறந்தேன். ‘கொழும்புச் சாத்திரியார்’ என்று பெயர் வைத்தேன். பட்டம் எப்படியும் எனக்கு வரப்போகிறது, சில வாரம் முந்திப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். போரத்தில் அந்தப் பெயரால் எல்லோருக்கும் ஜனாவைத்தான் தெரியும் என்பது உண்மை. ‘விளையாடிப் பார்த்தவன் சொல்கிறேன்’ என்று தொடங்கியதும் உண்மை. அப்படித் தொடங்காவிட்டால் இந்தக் காலத்தில் யாரும் இரண்டாவது வரிக்கு வருவதில்லை.

மூன்றாம் நாள் நீங்கள் ஜனாவை நீக்கினீர்கள். கோலாலம்பூரும் போயிற்று. இன்சூரன்ஸ் கந்தோரில் அவனுடைய கதிரையில் வேறொருவர் இருந்தார். அவன் முதலில் என்னிடம்தான் ஓடி வந்தான்.

“நான் எழுதேல்லை அண்ணை. நீங்களாவது நம்புங்கோ.”

“எனக்குத் தெரியும்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

உங்களோடு வழக்காடப் போவதாகச் சொன்னான். கணக்கு எங்கிருந்து திறக்கப்பட்டது என்று தேடச் சொல்லப் போவதாகவும் சொன்னான். நான் அவனை அமைதிப்படுத்தினேன். பெரிய நிறுவனங்களோடு முட்டக்கூடாது, தாழ்ந்து போனால் மன்னிப்பார்கள் என்று எடுத்துச் சொல்லி, அவன் வீட்டு மேசையில் இருந்தே கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். ‘என் கவனக்குறைவால் செய்தி வெளியே போயிருக்கலாம்’ என்ற கடிதம் உங்கள் கோப்பில் இருக்கும். அது என் வசனம். அதை வாசித்த பிறகு நீங்கள் மேற்கொண்டு எதையும் தேடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுடைய அம்மா பாலேஸ்வரி அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்து, “தம்பி, நீங்கள் பக்கத்தில இருக்கிறதுதான் எங்களுக்குப் பலம்” என்றார். எனக்குக் கண் கலங்கியது. அந்த அளவுக்கு ஈரம் உள்ளவன்தான் நான்.

இப்போது எக்ஸ்பான்ஷன் வந்துவிட்டது. பருவக்காற்று இருக்கிறது, மூடும் துறைமுகம் இருக்கிறது, நான் சொன்ன மாதங்கள்கூட அப்படியே இருக்கின்றன. போன ஞாயிறு டப்பாவைத் திறந்தோம். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். ரூபிகா என் சீட்டை வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

“இது போரத்தில வந்து ஊரெல்லாம் தெரிஞ்ச விசயம் அண்ணை. நீங்கள் வாசிச்ச முப்பத்தேழில எதை எப்ப சீட்டில போட்டீங்கள் எண்டு ஆருக்குத் தெரியும், திகதியும் இல்லை. இதைக் கணக்கில எடுக்கேலாது” என்றாள்.

ஸவாஹிரும் தலையாட்டினார். இந்த முறை வெற்றி யாருக்கும் இல்லையாம். ஜனா பாவமாம், அடுத்த எக்ஸ்பான்ஷன் வரைக்கும் அவனே சாத்திரியாராக இருக்கட்டுமாம். ஜனா அங்கே இல்லை. இப்போது அவன் மோட்டார்சைக்கிளில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான், ஞாயிறுதான் வேலை அதிகம். வெள்ளவத்தைக் காலி வீதியில் ஹெல்மெட்டோடு அவனைக் கண்டால் நான் சாத்திரியார் என்று கூப்பிட வேண்டும். எதற்கும் ஒரு எல்லை இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பதிவை எழுதியவன் நான். கணக்குத் திறந்த நாள், நேரம், தொலைபேசி இலக்கம் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஜனாவின் வேலை விசயத்தில் உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைச் செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன். எனக்கு வேண்டியது ஒரு கடிதம் மட்டும். பருவக்காற்றை முதலில் கணித்தவர் நவரத்தினம் என்று, திகதியோடு, உங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு.

அது முழுக்க முழுக்க என் சொந்தக் கணிப்பு. யாரும் ஒரு சொல் சொல்லித் தரவில்லை. சந்தேகமிருந்தால் ஜனாவையே கேளுங்கள். முதல் பதினொன்றையும் வாசித்தபோது அவன் ரோல்ஸை மென்றுகொண்டிருந்தான். பன்னிரண்டாவதில் அவன் வாய் அசையாமல் நின்றது. மிச்சம் இருபத்தைந்தையும் நான் ஒரு மரியாதைக்காகத்தான் வாசித்தேன்.