மை வைத்த விரல்

— உங்க வீட்டுக்காரரு காலையில முத ஆளா வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போயிட்டாரேம்மா. இந்தா, சுடலைக்கண்ணு. பேருக்கு நேரே கோடு போட்டிருக்கேன். நீங்க வடிவம்மாதானே?

— நாந்தான் சார்வாள். என்ன சொல்லுதீக? அவுகளா வந்தாக?

— பேரு கேட்டேன், சொன்னாரு. சீட்டைக் குடுத்தேன், போட்டாரு, போயிட்டாரு.

— ஆளு எப்படி இருந்தாக?

— என்னம்மா கேள்வி இது? பின்னால வரிசை நிக்கி.

— சொல்லுங்க சார்வாள்.

— சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தாரு. குத்தாலத்துல அருவியே நூலா விழுத மாசி மாசம், இந்த மனுசன் எங்க போயி நனைஞ்சாருன்னு நெனச்சேன். தலை, புருவம் எல்லாம் மரத்தூளு. மேசைக்கு அடியில இன்னும் கெடக்கு பாருங்க, ஈரமா.

— ஐயோ...

— ஏட்டி வடிவு, இங்கன என்னட்டி ஒப்பாரி?

— வாரும் தளவாய். ரம்ப மில் முதலாளிக்கு ஏஜெண்டுன்னு பேரு குடுத்துட்டுக் காலையில இருந்து எங்க போனீரு?

— அச்சன்புதூருக்கு வண்டி கட்டிட்டுப் போயிருந்தேன் வாத்தியாரே. முதலாளி எலெக்‌ஷன்ல நிக்காரு, எனக்கு நூறு சோலி. இவ எதுக்கு அழுதா?

— புருசன் ஓட்டுப் போட்டுட்டாருன்னு சொன்னேன்.

— ஓ, போட்டாச்சா? ஆமா, நாந்தான் புனலூருல இருந்து வரச் சொன்னேன். போட்ட கையோட பஸ் ஏறிட்டான்.

— எட்டு மாசமா புனலூரு புனலூருங்கீக. வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காமலா போவாக?

— ரப்பர் தோட்டத்துல லீவு கெடையாதுட்டி. மை வச்ச விரலை எங்கிட்ட காட்டிட்டுத்தான் ஏறுனான்.

— எந்த விரலு அண்ணாச்சி?

— இடது கை ஆள்காட்டி விரலு. ஊருக்கெல்லாம் எந்த விரலோ, அவனுக்கும் அந்த விரலு.

— நீங்க இன்னைக்கு எம் புருசனைக் கண்ணால காணவே இல்ல. அந்த விரலை மூணு வருசத்துக்கு முந்தியே மில்லு ரம்பம் தின்னுட்டு.

— ஏளா, நாக்கை அடக்கு.

— எட்டு மாசம் அடக்கியாச்சு. சார்வாள், எழுதுங்க. களவுத் தேக்கு மில்லுக்கு வருதுன்னு ரேஞ்சர்கிட்ட சாட்சி சொல்லப் போறேன்னாக. வேண்டாம்னு நாந்தான் காலைப் பிடிச்சேன். அன்னைக்கு மில்லுக்குப் போனவுக திரும்பல. விடிஞ்சு தேடிப் போறேன், மில்லுக்குப் பின்னால கெணத்தை மூடிக்கிட்டிருக்காவ. கெணத்துச் சுவத்துல அவுக துண்டு. துண்டை மடியில சொருகிக்கிட்டு வந்து, புனலூருக்குப் போயிருக்காவன்னு நானும் ஊருல சொன்னேன். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய.

— வாத்தியாரே, பேனாவைக் கீழ வையும். நாளைக்கு மெட்ராசுக்குப் போயி சட்டம் போடப்போற மனுசரு எங்க முதலாளி.

— அம்மா, எனக்கும் மூணு பிள்ளைய. இலஞ்சிப் பள்ளிக்கூடத்துல என்னைய நிம்மதியா இருக்க விடமாட்டாக. எழுதிட்டா கலெக்டர் மேசை வரைக்கும் போகும். நாளைக்கு நீங்க இல்லைன்னு சொன்னா...

— சொல்ல மாட்டேன். கைநாட்டை முதல்ல வாங்கிக்கிடுங்க. பொறவு எழுதுங்க.

— சார்வாள், எங்கிட்டயும் வாங்குங்க.

— நீ யாரும்மா? வரிசையில நில்லு.

— மாடத்தி. மில்லுல கூடை சுமக்கவ. அந்தக் கெணத்துல மரத்தூளைக் கொட்டுனது நாங்க பத்துப் பொம்பளைய. நல்ல தண்ணிக் கெணத்தை எதுக்கு மூடுதீகன்னு ஒருத்தியும் கேக்கல. மொதக் கூடை கொட்டும்போது உள்ள என்னமோ மொனங்குனாப்புல இருந்துச்சு. காத்துன்னு எங்களுக்குள்ள சொல்லிக்கிட்டோம்.

— மாடத்தி... உயிரோடயா?

— என்னைய மன்னிச்சுக்கோ வடிவு. நீ வாயைத் தெறக்கலன்னா நான் தெறந்திருக்கமாட்டேன்.

— ஏ பொம்பளைகளா, ஓட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போங்க! போங்கட்டி!

— ஒருத்தியும் நகரல பாத்தீகளா அண்ணாச்சி. மத்த ஒம்பது பேரும் இந்த வரிசையிலதான் நிக்காளுவ.

— நான் எழுதுதேன் தளவாய். தடுத்தீருன்னா அதையும் எழுதுவேன்.

— சரி வாத்தியாரே, சரி. ஒத்துக்கிடுதேன். காலையில வந்தது நான் ஏற்பாடு பண்ணுன பய. மில்லுல வேலை பாக்கவன், தலையில மரத்தூளு இல்லாம மல்லிகைப்பூவா இருக்கும்? பத்து விரலும் உள்ளவன். கள்ள ஓட்டுன்னு எழுதிக்கிடும், நான் ஜெயிலுக்குப் போறேன். கெணத்தை மட்டும் விட்டுரும்.

— பத்து விரலா?

— ஆமா.

— இதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நேரமா நாக்கு எழும்பல. ஆள்காட்டி விரல் இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல தளவாய். நடுவிரல்லதான் மை வச்சேன். அந்தக் கையைத் தொட்ட எங் கை இன்னும் விறைச்சுப்போயி இருக்கு.

— வெளையாடாதீரும். ஏலே குத்தாலிங்கம்! எங்கலே இருக்க? காலையில எந்த விரலைலே நீட்டுன?

— இங்கன ஆம்பள வரிசையில நிக்கேன் அண்ணாச்சி. நீங்க அனுப்புன ரெண்டாவது வண்டியிலதானே இப்ப வந்து எறங்குனேன். சுடலைக்கண்ணுன்னு பேரு சொல்லணும், அவ்வளவுதானே? இன்னும் எம் முறை வரல.