மடியாகக் கழுவிய குப்பிகள்

காப்பியை முதலில் குடியுங்கள், ஐயா. விசாரணை எங்கும் ஓடிவிடாது.

என் கணவர் வெங்கடசுப்பிரமணியன் இந்தத் தீவின் மோகா ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் துளிகளை அளக்கிறார். தலைமுடி அகலக் கண்ணாடிக் கால்வாயில் எண்ணெய் ஓடும். அதனுள்ளே நீர்த்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கால்வாய் குறுகும் இடத்தில் துளி எவ்வளவு நீள்கிறது என்று பார்த்தால், அதன் மேல்தோல் எத்தனை இறுக்கம் என்று தெரியுமாம். தீவு முழுக்க முளைத்திருக்கும் உடுப்பு ஆலைகளுக்குச் சாயம் அச்சிட அது உதவுமாம். என்னை அவர் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை.

அந்த நீருக்கான குப்பிகளை நான்தான் வீட்டில் குளித்து, மடி உடுத்திக் கழுவிக் கொடுப்பேன். வேறு கை பட்டால் அவருக்கு ஆகாது.

போன தையில், அளவு சரியாக வந்தால் பிரான்ஸில் கிரெனோபிளுக்குக் கூப்பிடுவார்கள் என்றார். பனி பெய்யும் ஊர். அவருக்குச் சளி பிடிக்கும். இதுவரை பிடித்ததில்லை, அங்கே போனால் பிடிக்கும். இங்கே காத்ர் போர்ன் கோயிலில் பெண்கள் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும், "சரியா, தாந்தீன் அலமு?" என்று, அத்தை முறை வைத்துக் கேட்டு, என் முகத்தைப் பார்ப்பார்கள். கிரெனோபிளில் யார் பார்ப்பார்கள்? ஆனால் நான் நினைத்தது அவர் சளியைத்தான்.

அதனால் கடைசி அலசலில் சீயக்காய்த் தண்ணீர் கொஞ்சம் விட்டேன். எண்ணெய்க் குளியலுக்குக் கரைத்து, தெளிய இறுத்த மிச்சம். துளியின் இறுக்கம் போய்விட்டது.

"என்னடி இது, தண்ணி சோப்பு மாதிரி இழுபடறது," என்றார்.

"உங்க உதவியாள் ரெமி என்ன பண்றான்?" என்றேன். கேள்விதான் கேட்டேன்.

"மீன் தின்ன கையோட தொட்டிருப்பான். மடியா கழுவின குப்பியில மாசு வேற எங்கேர்ந்து வரும்?"

ரெமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்து அழுதான். "மோ பான் தூஸ் நாஞே, மதாம்." எதையும் தொடவில்லையாம். மனைவிக்கு இது நிறைமாதமாம். பாயசம் கொடுத்தேன். மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆமாம், கலந்தது நான்தான். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எல்லோரும் ரெமியைப் பற்றியே கேட்டார்கள். நீங்களும் அவனை நீக்கியதைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தீர்கள்.

என் கணவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். மடியில் மாசு வராது என்று உங்களையே திருப்பி அனுப்பிவிடுவார்.

அதனால்தான், ரெமி இடத்துக்குத் திங்கட்கிழமை வரப்போகும் அந்தப் பெண் ஜொசெத்தை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.