செம்பனை லோரிக்குப் பின்னால

அழுறேன்னு நெனச்சுப் பயந்துடாதீங்கண்ணே, சிரிப்புதான். நீங்க மிதிச்சப்ப உங்க காலுக்கும் காரு வேகம் விழுந்துச்சு பாத்தீங்களா, அதான். ஒரு வருஷமா மூணு பட்டறை ஏறி எறங்கியாச்சு. ஒருத்தன் காலுக்காவது விழணுமே! பிரிக்பீல்ட்ஸ் சந்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டு வந்து, காரு ஓகே லா ஆன்டி, நீங்க சரியா அமுக்கலன்னு சாவிய நீட்டுவானுங்க. ஹைவே வரைக்கும் கொண்டு போய்ப் பாத்தது நீங்க ஒருத்தர்தான், வேலாயுதம் அண்ணே. நல்லா இருப்பீங்க.

ஆமா, இதேதான். மெதுவாப் போனா ஒன்னும் தெரியாது. முந்தலாம்னு மிதிச்சா டர்போ முள்ளு ஏறும், விசில் கேக்கும், அப்புறம் யாரோ தொண்டையப் புடிச்ச மாதிரி வேகம் பொசுக்குன்னு விழுந்துடும். கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தா மறுபடி நல்ல புள்ள. பெட்ரோல் பில்டர் மாத்தியாச்சு, ஹோஸ் எல்லாம் புதுசு. ஒருத்தன் டர்போவே செத்துப்போச்சுன்னான். முன்னால டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், எவனும் காதுல வாங்கல. உங்களுக்குக் கேட்டுச்சா? ஆங், பாருங்க.

இல்லண்ணே, விக்கிறதுக்கு இல்ல. எதுக்குன்னு சொல்றேன். நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க.

காரு எங்க வீட்டுக்காரரோடது. ஸ்டானிஸ்லாஸ்னு பேரு, ரயில்வேல கிளார்க்கு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளக்காரர்கிட்ட வாங்கினாரு. டர்போ காரு வாங்கிட்டு அறுபதுக்கு மேல ஓட்டமாட்டாரு மனுசன்! புலிய வாங்கிப் பூனையா வளத்தாரு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பானட்டத் தொறந்து வச்சு, பாக்கறதையெல்லாம் தொடைப்பாரு. எங்க அத்தைக்கு, அவரு அம்மாவுக்கு, இந்தக் காரக் கண்டாலே பயம். என்னடா இது, மனுசன் மாதிரி மூச்சு வாங்குதுன்னு பக்கத்துல வந்து நிப்பாங்க. இவரு இந்தக் கறுப்புப் பெட்டியத் தட்டி, இதுதாம்மா காரோட மூக்கு, இது வழியாத்தான் மூச்சு இழுக்குதுன்னு பாடம் நடத்துவாரு. கண்ணாடியில செபமாலை தொங்கவிட மட்டும் விடமாட்டாரு, ரோடு மறைக்குதாம். ஆண்டவருக்கு எடமில்லாத காராடான்னு அத்தை மூஞ்சத் தூக்கி வச்சுக்குவாங்க. ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான்தான் மத்தளம்.

போன வருஷம் காப்பார்ல அவரு தங்கச்சி மகளுக்குப் புதுநன்மை விருந்து, புள்ளைங்க மொத மொத நற்கருணை வாங்குற நாளு. சாப்பிட்டுக் கை கழுவப் போனவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டாரு. ஆம்புலன்சுக்குக் காத்துக்கிட்டு நிக்க மனசு வரல, நானே காரெடுத்தேன். அவரு பக்கத்துல, அத்தை பின்னால செபமாலையோட. காப்பார்லேர்ந்து கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வர ரோடு உங்களுக்குத் தெரியும்ல? முன்னால எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏத்துன லோரி. எதிர்ல காலி ரோடு. முந்தலாம்னு அமுக்குறேன், ஏறுது, விழுது. மறுபடி அமுக்குறேன், மறுபடி விழுது. அந்த லோரிக்குப் பின்னாலயே ஊர்ந்து ஊர்ந்து போனோம்ணே. அவரு என் கையத் தொட்டு, மெதுவாப் போ மகதலேனா, பரவால்லன்னாரு. அப்புறம் பேசல.

டாக்டரு, கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்னு சொன்னாரு. அத்தைக்கு அது போதாதா? முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சனம் முன்னால சொன்னாங்க: மருமக பயந்து பெடல்லேர்ந்து கால எடுத்துட்டா, அதான் எம்புள்ள போயிட்டான்னு. அன்னிக்கிலேர்ந்து கோயில்ல நாலு பொம்பளைங்க நின்னா, நான் கிட்டப் போனதும் பேச்ச நிறுத்திடுவாங்க. எடுக்கல எடுக்கலன்னு சொல்லிச் சொல்லி, கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. படுத்தா கால் தானா மெத்தைய அமுக்கிப் பாக்குது. ஒருவேள எடுத்துட்டேனோ?

வேற எங்க போறது? எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல. ஒரே வீடு, நானும் அத்தையும்தான். அவங்களுக்கு நானு, எனக்கு அவங்க. நான் ஊத்துற கோப்பியத்தான் குடிக்கிறாங்க, மூஞ்சப் பாக்காம.

வர ஞாயித்துக்கிழமை அவருக்கு வருஷப் பூசை. அதான் உங்கள அவசரப்படுத்துனேன். நீங்க வீட்டுக்கு வரணும்ணே. அத்தை முன்னால நின்னு, அம்மா, என் காலுக்கும் விழுந்துச்சு, உங்க மருமக கால எடுக்கலன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லணும். அன்னிக்கு சாப்பாடும் எங்க வீட்லதான். நண்டு சாப்பிடுவீங்கல்ல?

என்னண்ணே, பெட்டியவே கழட்டிக் கவுக்குறீங்க? மத்தவனுங்க மூடியத் தொறந்து காத்து பில்டர மாத்துறதோட சரி. என்னது, அடியில துணியா? ஓ... மிதிக்கிறப்ப காத்து இழுக்குற இழுப்புல இது மேல வந்து பில்டர அடைக்குது, நின்னா பழையபடி கீழ படுத்துக்குது. பெட்டியும் கறுப்பு, துணியும் கறுப்பு, எவன் கண்ணுல படும்! முனையில என்னமோ முடிஞ்சிருக்கே, அதான் டிக் டிக்குன்னு முட்டியிருக்கு. குடுங்க பாப்போம்.

கோயில் மெடலு.

இல்லண்ணே, தண்ணி வேணாம். ஸ்டூலு மட்டும் குடுங்க, உக்காந்துக்கிறேன்.

இந்த ஓரத்துல செவப்பு நூலு தெரியுதா? வெரோனிகா. அத்தை பேரு. எல்லாக் கைக்குட்டையிலயும் இப்படித் தெச்சு வச்சிருப்பாங்க. திருநாளுக்கு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயிலுக்குப் போனப்ப, சுரூபத்துல, அந்தச் செலையில ஒத்தி எடுத்தது இது. கூட்டத்துல கை எட்டலன்னு நான்தான் அவங்க இடுப்பப் புடிச்சுத் தூக்கி விட்டேன். எம்புள்ள காருக்குன்னாங்க. எங்க வச்சாங்கன்னு நான் கேக்கல. கண்ணாடியிலதான் தொங்கவிட முடியல, மூக்குலயாச்சும் இருக்கட்டும்னு... அவரு இந்தப் பெட்டியத் தொறந்து வச்சுட்டு அந்தாண்ட போன நேரம் பாத்து...

கீழ போட்டுடாதீங்க, மந்திரிச்சது. என் பையில வச்சுக்கிறேன்.

நீங்க வீட்டுக்கு வர வேணாம்ணே. கோவமெல்லாம் இல்ல. நான் கால எடுக்கல, அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, போதும். ஒரு வருஷமா சுமந்துட்டேன், பழகிப்போச்சு. அவங்களால இத ஒரு ராத்திரி தாங்க முடியாது.

பெட்டிய மாட்டிடுங்க. உங்க பட்டறைக்கு வந்திருக்கேன்னு அத்தைக்குத் தெரியும். பாசார்ல சாமான் வாங்குறப்ப எங்கயாவது பாத்தா கண்டிப்பாக் கேப்பாங்க. காருல ஒரு கோளாறும் இல்லம்மா, உங்க மருமகதான் கால எடுத்திருக்கான்னு சொல்லிடுங்க.