நடத்துநர் பையை மாட்டிப் பார்த்தவருக்கு

எங்கள் பணிமனையின் மேலாளரே, கைப்பையை மறந்தாலும் கேள்வியை மறக்காமல் வந்தவரே, முதுகுக்குப் பின்னால் நாங்கள் ‘ஏன் அம்மா’ என்றழைத்த அன்பிற்குரியவரே, வணக்கம்.

அந்தப் பட்டப்பெயரை இன்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டோம். ஓய்வு பெறுபவரால் மெமோ கொடுக்க முடியாது என்ற துணிச்சல்தான்.

பேருந்து தாமதமானால் திட்டிய மேலாளர்கள் உண்டு. திட்டாமல், ஏன் தாமதம் என்று கேட்டவர் நீங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அந்தக் கேள்விதான் எங்கள் உயிரைக் காத்தது. நடத்துநர்கள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் படுத்தார்கள். ஓட்டுநர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். காசில்தான் கிருமி என்று முடிவுகட்டி, சில்லறையைச் சோப்பு நீரில் ஊறவைத்தோம். நோட்டுகளைக் கொடியில் காயப்போட்டோம். கைகள் வெளுத்தனவே தவிர, காய்ச்சல் நிற்கவில்லை.

அப்போது, ஒரே பேருந்தில் வேலை பார்த்த கணவனும் மனைவியும் உங்கள் அறைக்கு வந்தார்கள். கணவர் ஓட்டுநர்; மனைவி நடத்துநர், காய்ச்சலிலிருந்து மீண்டு மெலிந்திருந்தார்.

“இவ வேலைய விட்டுரட்டும்மா. பொழச்சு வந்ததே பெரிசு,” என்றார் கணவர்.

“நான் வீட்டுல இருக்கணும், இவரு மட்டும் வண்டி ஓட்டுவாராம். இவரு சீட்டு என்ன இரும்புக் கோட்டையா?” என்றார் மனைவி.

நீங்கள் யார் பக்கமும் சாயவில்லை. “ஒரே வண்டிதானே? அப்புறம் ஏன் இவங்களுக்கு மட்டும் காய்ச்சல்? பாத்துட்டு முடிவு பண்ணுவோம்,” என்றீர்கள்.

மறுநாள் அந்த மனைவியின் பையை மாட்டிக்கொண்டு நீங்களே டிக்கெட் கொடுத்தீர்கள். மாலையில் தொண்டை கட்டி இறங்கினீர்கள். இன்ஜின் இரைச்சலில், இறங்குமிடத்தைச் சொல்ல ஒவ்வொரு பயணியும் முகக்கவசத்தை இழுத்துவிட்டு உங்கள் முகத்தருகே கத்தியிருந்தார். ஓட்டுநரிடம் ஒருவரும் பேசவில்லை. அவர் ஜன்னலும் திறந்திருந்தது. பின்பக்க ஜன்னல்களோ துருவேறி மூடிக்கிடந்தன.

“காசு இல்லப்பா, மூச்சு,” என்றீர்கள். சில நாளில் நீங்களும் படுத்தீர்கள். தனக்கு வந்த காய்ச்சலை, “பாத்தீங்களா, நான் சொன்னது சரிதான்,” என்று தொலைபேசியில் கொண்டாடியவர் உலகில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அன்றுமுதல் டிக்கெட், ஏறுமுன் நிறுத்தத்திலேயே, திறந்த வெளியில். பட்டறைக்காரர்கள் ஜன்னல்களைத் தட்டித் திறந்தார்கள். நோயே ஒழிந்தது என்று பொய் சொல்லமாட்டோம். வரிசையாய் விழுவது நின்றது. அந்த மனைவி மீண்டும் விசிலைக் கையிலெடுத்தார். கணவர் வண்டியைக் கிளப்பினார்.

நெடுநாள் நலமாய் வாழுங்கள். இனி வீட்டிலுள்ளவர்களை ‘ஏன்’ என்று கேட்டுத் துளைத்தெடுங்கள். உங்களைக் காரில் அனுப்பிவைக்க நினைத்தோம்; அந்தத் தம்பதி சம்மதிக்கவில்லை. அவர்கள் பேருந்து வாசலில் நிற்கிறது, ஜன்னல்களெல்லாம் திறந்தபடி. படியருகே நிற்கும் நடத்துநர் உங்களிடம் சொல்லச் சொன்னது:

“கீழயே டிக்கெட் வாங்கிட்டு ஏறுங்கம்மா. நீங்க போட்ட சட்டம்தான்.”

என்றும் உங்கள்,
பணிமனை ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பட்டறைப் பணியாளர்கள்