பன்னிரண்டாவது வைக்கோல் மூட்டை

எனது பெயர் தாவீது. வயது 51. தகப்பனார் பெயர் யாக்கோபு. கும்மிடிப்பூண்டி வட்டம், சிறுபுழல்பேட்டையில் குடியிருக்கிறேன். சிப்காட்டில் உள்ள தனியார் ஆலையின் நீர்த்தேக்கத்தை ஒன்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அதற்கு முன் கழனி வேலை.

நீர்த்தேக்கத்தில் மீனும் முக்குளிப்பான் பறவைகளும் இருப்பதால், பாசியைக் கொல்ல மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலப்பதை ஆலை நான்கு வருடம் முன்பே நிறுத்திவிட்டது. பதிலாக வைக்கோலை வலைப்பையில் கட்டி மிதக்கவிடுவோம்; அது மெல்ல ஊறி மக்கினால் பாசி வளராது என்பார்கள். இந்தக் கோடையில் தண்ணீர் ஒரேயடியாகப் பச்சையானதால், என்ஜினியர் கல்பனா அவர்கள் ஆறு மூட்டை போடச் சொன்னார். தளர்வாகக் கட்டும்படியும் சொன்னார். வைக்கோலைத் தளர்வாகக் கட்டுகிறவனைக் கழனியில் யாரும் மதித்ததில்லை. ஆகவே போர் மிதிப்பதுபோல் ஏறி மிதித்துக் கெட்டியாகக் கட்டினேன். ஆறு போதாது என்று பட்டதால் பன்னிரண்டு போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்றாம் வாரம், காலை ஆறு மணிக்குப் போனபோது கெண்டை மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு காவலாளி சாம்சன் வந்து, என் கொட்டகையில் இருந்த பழைய மயில்துத்த டப்பாவைப் பார்த்துவிட்டு போலீசுக்குப் போன் செய்தார். அது காலி டப்பா. நான் கவிழ்த்துப் போட்டு உட்காருவது.

ஏட்டு வந்து, "இன்னாத்த கலந்த?" என்று கேட்டார். "ஒண்ணும் கலக்கல சார். வைக்கோலுதான் போட்டேன். அத்தையும் நல்லா கெட்டியா கட்டித்தான் போட்டேன்" என்றேன்.

அதன் பிறகு கல்பனா அவர்கள் ஒரு மூட்டையை இழுத்து அறுத்துக் காட்டினார். உள்ளே கறுத்து அழுகி நாறியது. இறுக்கிக் கட்டியதால் அழுகி, தண்ணீரில் இருந்த காற்றைத் தின்றுவிட்டது, மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன என்றார். மாடு தின்னும் பொருள் மீனை எப்படிக் கொல்லும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் செய்தது வேலையா குற்றமா என்றும் தெரியவில்லை.

மூட்டைகளை எல்லாம் கரையேற்றச் சொன்னார்கள். பதினொன்றை ஏற்றினேன். பன்னிரண்டாவதன் மேல் முக்குளிப்பான் நான்கு முட்டை இட்டிருக்கிறது. இரை தேடப் போகும்போது அதே வைக்கோலை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகிறது. அதை எடுக்காவிட்டால் கேஸ் எனக்கு எதிராகத் திரும்பும் என்கிறார்கள். திரும்பட்டும், நான் எடுக்கமாட்டேன்.

நான் சொன்னதை எழுதிக்கொண்ட ஏட்டு இதைப் படித்துக் காட்டினார். ஒன்றும் கலக்கவில்லை என்ற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு விளங்கிய வரையில் எல்லாம் உண்மை.

(ஒப்பம்) யா. தாவீது